ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் ஒரு தினசரி காலண்டர் செய்யலாம் என்று தோன்றிய அன்று, முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே எந்தப் பொருளையும் எந்தப் பக்கத்திலும் 0.01 மீட்டருக்குக் கீழே சுருக்க முடியாது. அதாவது ஒரு சென்டிமீட்டர். வருடத்துக்கு 365 தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 3.65 மீட்டர். நான் கட்டியிருந்த அறையின் அகலமே நான்கு மீட்டர்தான். சுவரில் மாட்டிய காலண்டர் எதிர்ச்சுவரைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும்.

அப்புறம் வீட்டுக்கு வந்திருந்த புதுக் காலண்டரை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு தாள்கூடக் கிழிக்காத கட்டு. இரண்டரை சென்டிமீட்டர் இருந்தது. 365ஆல் வகுத்தால் ஒரு தாளுக்கு 0.07 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு வேண்டியது அது. அந்த உலகம் தருவது 10 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 146 மடங்கு. அந்த இடைவெளியைக் கடக்க ஒன்றரை வருடம் செலவழித்தேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

காலண்டர் ஏன் என்றால், அப்பாவால். அவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை தேய்ப்பார். ‘இது அறுபது’ என்பார், ‘இது எழுபது’ என்பார். ஜிஎஸ்எம் கணக்கு அது, ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது. ஜெராக்ஸ் கடைகளில் ஓடும் 80 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், 500 தாள் கொண்ட ஒரு ரீமை மேசையில் வைத்தால் ஐந்து சென்டிமீட்டர் உயரம் வரும். காலண்டரின் தேதித்தாள் அதைவிட மெலிசு. ஃபேன் காற்றுக்கே படபடக்கும். வருடக் கடைசியில், மிச்சமிருக்கும் நாலைந்து தாள் அட்டையின் மேல் அடித்துக்கொள்ளும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் டிசம்பர் வந்தது தெரியும். அந்த மெலிவைத்தான் திரையில் கொண்டுவர ஆசைப்பட்டேன்.

செகண்ட் லைஃபைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் லிண்டன் லேப் 2003 ஜூன் 23 அன்று திறந்துவிட்ட மெய்நிகர் உலகம் அது. நிலம் ரீஜியன்களாகப் பிரிந்திருக்கும். ஒரு ரீஜியன் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரம். அதிலுள்ள வீடு, மரம், நாற்காலி எல்லாம் அங்கே வசிக்கிறவர்களே செய்தவை. கட்டுமானத்தின் செங்கல்லுக்குப் பிரிம் என்று பெயர். பெட்டி, உருளை, பட்டகம், கோளம், வளையம் என்று சில அடிப்படை வடிவங்கள். ஒன்றைத் தரையில் போட்டு இழுத்து, வெட்டி, குடைந்து, முறுக்கி, இன்னொன்றோடு இணைத்து வேண்டியதைச் செய்ய வேண்டும். கூட்டமாக நின்று ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பொது சாண்ட்பாக்ஸ்கள் உண்டு. நானும் அப்படி ஒன்றில்தான் கற்றேன். அங்கே பெரிய பொருளைச் செய்வது பெரிய விஷயமே இல்லை. ஆரம்ப காலத்தில் ஒரு பிரிம் 10 மீட்டர்வரை நீளும். பிறகு 64 மீட்டராக உயர்த்தினார்கள். கோபுரம் கட்டுகிறவனுக்குக் கதவு திறந்துகொண்டே போனது. தாள் செய்கிறவளுக்கு அதே ஒரு சென்டிமீட்டர்.

அந்த ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போக வழி இருக்கிறது. பழைய கட்டுமானக்காரர்கள் கண்டுபிடித்து வைத்தது. எனக்கு இன்னும் அதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. விதி பொருளின் அளவைத்தான் கட்டுப்படுத்துகிறது. அந்த அளவுக்குள் எவ்வளவு சதை இருக்கிறது என்று அது கேட்பதில்லை. ஒரு பெட்டியை ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு நசுக்கிக்கொள்ளுங்கள். அதை ஹாலோ கொடுத்து உள்ளே குடையுங்கள். நான் கற்ற நாளில் 95 சதவீதம்வரை குடையலாம். மிச்சம் 5 சதவீதம் சுவர். ஒரு பக்கத்துக்கு இரண்டரை. ஒரு சென்டிமீட்டரில் இரண்டரை சதவீதம் என்பது 0.25 மி.மீ. இப்போது பாத் கட் என்ற வெட்டை 0 முதல் 0.25வரை வைத்தால் நான்கு சுவர்களில் மூன்று போய்விடும், ஒன்று நிற்கும். கையில் கால் மில்லிமீட்டர் தாள். எடிட் பெட்டியைத் திறந்து பார்த்தால் தடிமன் 0.01 என்றுதான் காட்டும். விதியும் மீறவில்லை, தாளும் கிடைத்துவிட்டது.

இதே வெட்டை வைத்துத்தான் அந்தக் காலத்தில் கதவுக்குக் கீலும் செய்தார்கள். பெட்டியைப் பாத் கட்டில் 0.375 முதல் 0.875வரை வைத்தால் பாதி மறைந்துவிடும், ஆனால் பெட்டியின் மையம் பழைய இடத்திலேயே இருக்கும். அதாவது, மிஞ்சிய பாதியின் ஓரத்தில். சுழற்றினால் கதவு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு திறக்கும். இல்லாத பாதி ஒன்று கீலாக உழைக்கிறது. மெலிந்த பொருள் செய்யும்போதும் இந்த இல்லாத பாதி நம்மோடேயே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. என் கால் மில்லிமீட்டர் தாள் அதன் மையத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நின்றது. சுவரில் ஒட்டினேன் என்று நினைத்தேன்; அது சுவருக்குள் போயிருந்தது. இடத்தைச் சரிசெய்யும்போது கண்ணுக்குத் தெரிவதையும் கணக்கில் இருப்பதையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிற்பாடு பெட்டிக்கு ஸ்லைஸ் என்று ஒரு வசதி வந்தது. ரொட்டியை அறுப்பதுபோல, பெட்டியின் உயரத்தில் எந்தப் பகுதி வேண்டுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் 0.02 வித்தியாசம் இருந்தால் போதும். ஒரு சென்டிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, 0.2 மி.மீ. சுவர் முனைகள் சாய்வாக வெட்டுப்படும் தொல்லையும் இதில் இல்லை. இதுதான் இன்றைக்கும் என் கைக்கு முதலில் வரும் வழி.

சரி, 0.2 மி.மீ. கிடைத்துவிட்டது. காலண்டர் தாள் 0.07. மூன்று தாள் சேர்ந்த தடிமன்தான். வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாட்டிப் பார்த்தால் தாள் மாதிரியே இல்லை. நேராகப் பார்த்தால் சுவரில் வரைந்த செவ்வகம். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் விட்டுவிட்டு மினுங்கும் ஒரு புள்ளிக்கோடு.

அன்று இரவு மறுபடியும் கணக்கில் உட்கார்ந்தேன். அங்கே நம்முடைய கண் முகத்தில் இல்லை. தலைக்குப் பின்னால், மேலே மிதக்கிற கேமராவில் இருக்கிறது. சுவரிலிருந்து அது மூன்று மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் கீழாகப் பார்வைக் கோணம் 60 பாகை என்றால் அந்தத் தூரத்தில் திரைக்குள் விழுவது சுமார் 3.46 மீட்டர் உயரம். திரையில் 1080 வரிசைப் பிக்சல்கள். ஆக, ஒரு பிக்சல் 3.2 மி.மீ. ஒரு சென்டிமீட்டர் ஓரம் மூன்று பிக்சல் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வெட்டாத பிரிமில் செய்த தாள் பிளைவுட் பலகைபோல் தெரிகிறது. 0.2 மி.மீ. ஓரமோ ஒரு பிக்சலில் பதினாறில் ஒரு பங்கு. பிக்சலின் நடுப்புள்ளி அதன்மேல் விழுந்தால் வரையும், விழாவிட்டால் வரையாது. கேமரா ஒரு இழை அசைந்தால் விழுந்த இடமும் விழாத இடமும் மாறும். மினுங்கலுக்குக் காரணம் அதுதான்.

இது தெரிந்தபோது ஒரு பெரிய சுமை இறங்கியதுபோல் இருந்தது. எண்ணில் மெலிவைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பிக்சலுக்குக் கீழே போன பிறகு 0.2க்கும் 0.07க்கும் திரையில் எந்த வித்தியாசமும் கிடையாது. அப்படியென்றால் தாளை மெலிசு என்று கண்ணுக்குச் சொல்வது எது? வீட்டுக் காலண்டர் முன்னால் போய் நின்றுகொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிறைய நேரம் பார்த்தேன். தாள் ஒருபோதும் தட்டையாக இல்லை. கீழ்மூலை இரண்டும் முன்னால் சுருண்டிருந்தன, வலதுமூலை கூடுதலாக. தினமும் விரல் பிடிப்பது அந்த மூலையைத்தானே. சுருண்ட இடத்துக்குக் கீழே ஒரு மெல்லிய நிழல். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்த நேரத்தில் அடுத்த நாள் தேதி முன்தாளில் மங்கலாகத் தெரிந்தது. மெலிவு இந்த மூன்றிலும் இருக்கிறது: வளைவில், நிழலில், ஊடுதெரிதலில். ஓரத்தின் அளவு அதற்கெல்லாம் அப்புறம்தான்.

வளைவுக்குப் பிரிம் போதாது. நடுவில் ஸ்கல்ப்ட் பிரிம்களையும் முயன்றேன், 2007இல் வந்தவை. ஒரு படத்தின் சிவப்பு, பச்சை, நீல வண்ணங்களையே மூன்று திசை அளவுகளாக எடுத்துக்கொண்டு உருவம் வரையும் அழகான யோசனை அது. ஆனால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிதான். அகலத் திசையில் தாள் படிப்படியாக நெளிந்தது. அதை விட்டுவிட்டேன்.

2011இல் மெஷ் வந்தது. பிளெண்டர் போன்ற மென்பொருளில் செய்த உருவத்தை அப்படியே ஏற்றலாம். இங்கேதான் கதை மாறியது, ஏனென்றால் மெஷ் தாளுக்குத் தடிமனே தேவையில்லை. கணினி வரைகலையில் ஒரு பரப்பு என்பது முக்கோணங்களின் தொகுப்பு. முக்கோணத்துக்குக் கனம் கிடையாது. பூஜ்யம். ஒரு தட்டைச் செவ்வகத்தைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்து, கீழ்மூலையைக் கொஞ்சம் தூக்கி வளைத்தேன். வளைந்ததால் அதன் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்குப் போய்விட்டது. ஒரு சென்டிமீட்டர் விதி அதைத் தொடவே இல்லை. இத்தனை நாள் எதோடு மல்லுக்கட்டினேனோ, அதைத் தாளின் சொந்த வளைவே தீர்த்துவைத்தது.

ஏற்றிப் பார்த்தால் முன்பக்கம் அருமை. பின்னால் போனால் தாளே காணோம். முக்கோணத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. முதுகை வரைய வேண்டாம் என்று, அந்த உலகைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளான வியூவர் விட்டுவிடும், வேலை மிச்சம் என்பதற்காக. பெட்டி போன்ற மூடிய உருவத்துக்கு அது சரி. தாளுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். அதற்கு வழி, அதே பரப்பை நகலெடுத்துத் திசையைத் திருப்பி, அதே இடத்திலேயே வைத்துவிடுவது. இரண்டு பரப்பு ஒரே இடத்தில் இருந்தால் மினுங்காதா என்று பயந்தேன். மினுங்கவில்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுக்கு முதுகு, மற்றதற்கு முகம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வரைகிறது. பூஜ்யத் தடிமனில் இரண்டு பக்கத் தாள். முன்பக்கம் தேதி, பின்பக்கம் வெற்று வெள்ளை. இப்போது வந்திருக்கும் பிபிஆர் என்ற புதுவகைப் பரப்பு அமைப்பில் இருபக்கமும் வரையச் சொல்லும் தேர்வே இருக்கிறது. ஆனால் அதில் இரு பக்கத்துக்கும் ஒரே படம்தான், தேதி பின்னால் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும். தாளுக்குப் பழைய முறையே நல்லது.

மினுங்கலைப் பற்றிச் சொன்னேன். ஒரே திசை பார்க்கும் இரண்டு பரப்பு மிக நெருக்கமாக இருந்தால் நடக்கும் சண்டை அது. இசட் ஃபைட்டிங் என்பார்கள். அட்டையின் மேல் சாமி படம், படத்துக்குக் கீழே தேதிக்கட்டு, கட்டின் மேல் தாள் என்று நெருங்கிய அடுக்குகள் எனக்கு நிறைய. எது முன்னால், எது பின்னால் என்பதை வியூவர் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது. அந்த எண் பக்கத்தில் இருப்பதற்கு மிக நுணுக்கமாகவும் தூரத்தில் இருப்பதற்குக் கரடுமுரடாகவும் இருக்கும். தூரம் இரட்டித்தால் துல்லியம் நான்கில் ஒன்றாகும். 24 பிட் எண், பார்வை 0.1 மீட்டரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். 10 மீட்டர் தூரத்தில் 0.06 மி.மீ. இடைவெளியைக்கூடப் பிரித்தறியும். 100 மீட்டரில் 6 மி.மீ. வேண்டும். 200 மீட்டரில் 24 மி.மீ. அறைக்குள் பார்க்கிறவருக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி தாராளம். தெருவின் மறுகோடியிலிருந்து திறந்த ஜன்னல்வழியாக எட்டிப் பார்ப்பவருக்கு அதே காலண்டர் புழுப்போல நெளியும். அதனால் வெளிச்சுவரில் ஒட்டும் பெயர்ப்பலகையும் உள்ளறையில் மாட்டும் படமும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்படும் என்பதுதான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது.

உயரத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. இதில் மூன்று வாரம் போயிற்று. அப்போது என் அறையை வானத்தில், 3000 மீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். தரையில் அடுத்த வீட்டின் சத்தம் இல்லாமல் வேலை செய்ய நிறையப் பேர் அப்படிச் செய்வார்கள். 4096 மீட்டர்வரை கட்டலாம். இரண்டு தாளுக்கு நடுவே 0.2 மி.மீ. விட்டு வைத்தால், சிலது ஒட்டிக்கொண்டன, சிலது விலகி நின்றன. இத்தனைக்கும் தாள்களைச் சுவரில் மாட்டவில்லை. மேசைமேல் படுக்கவைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கைதான் தவறுகிறது என்று திரும்பத் திரும்ப அடுக்கினேன். காரணம் எண்ணில் இருந்தது. இடத்தைக் குறிக்கும் 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணுக்கு, மதிப்பு பெரிதாக ஆக படிகளும் பெரிதாகும். 2048க்கும் 4096க்கும் நடுவே ஒரு படி 0.24 மி.மீ. நான் கேட்ட 0.2 அங்கே இல்லவே இல்லை, பூஜ்யத்துக்கோ 0.24க்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். தரையிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் அதே படி 0.002 மி.மீ. அறையைக் கீழே இறக்கினேன். பிரச்சினை அன்றோடு போனது. மெலிசான வேலை செய்கிறவர்கள் தரைக்குப் பக்கத்தில் இருங்கள் என்று புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

உடம்புக்கும் மெலிந்த பொருளுக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. அறையின் தடுப்புச் சுவரை வாசலோடு ஒரே மெஷ்ஷாக, பத்து சென்டிமீட்டர் கனத்தில் செய்து ஏற்றினேன். வாசல் கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளே போக முடியவில்லை. காற்றில் முட்டி நின்றேன். முக்கோணங்களை வைத்து மோதல் கணக்கிடும் மெஷ் ஏதாவது ஒரு பக்கத்தில் அரை மீட்டருக்குக் குறைந்தால், அதை உள்பள்ளம் இல்லாத ஒரே கட்டியாக எடுத்துக்கொள்வது அங்கே விதி. துணிபோட்டுச் சுற்றிக் கட்டிய மாதிரி வாசலும் மூடிப்போகும். சுவரின் மோதல் வடிவத்தை மூன்று பெட்டிகளாகப் பிரித்துக் கொடுத்ததும் வழி திறந்தது. ஜன்னல் திரைச்சீலைக்கு அந்தக் கவலை இல்லை. அதை ஃப்ளெக்ஸி பிரிமில் செய்தேன். காற்றுக்கு ஆடும், ஆள் புகுந்து போகலாம்.

இனி காலண்டர். 365 தாளைத் தனித்தனியாக வைப்பது தடிமனை விட்டாலும் கட்டுப்படியாகாது. ஒரு ரீஜியனுக்கு 15,000 பிரிம் என்று இருந்த காலத்தில் 512 சதுர மீட்டர் மனைக்குக் கிடைத்தது 117. வீடு, வாசல், நாற்காலி எல்லாம் அதற்குள். அதனால் மூன்றே துண்டு: பின்னால் அட்டை, அதன்மேல் தேதிக்கட்டாக ஒரு பெட்டி, அதன் ஓரங்களில் தாள் அடுக்கின் மெல்லிய கோடுகள் கொண்ட படம், எல்லாவற்றுக்கும் முன்னால் வளைந்த மெஷ் தாள். பொருளுக்குள் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் நள்ளிரவில் தேதிப் படத்தை மாற்றும். அங்கே தேதி கேட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சொல்லும், ஐந்தரை மணிநேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் கட்டு நாளுக்கு நாள் இளைக்க வேண்டும். அதில்தான் எனக்குப் பிடிவாதம். ஜனவரியில் குண்டாக, டிசம்பரில் ஒட்டி உலர்ந்து இருப்பதுதான் காலண்டர். அது இல்லாவிட்டால் சுவரில் ஒரு டிஜிட்டல் கடிகாரம் மாட்டிவிட்டுப் போகலாம். இரண்டரை சென்டிமீட்டரை 365ஆகப் பிரித்து, தினம் 0.0685 மி.மீ. குறைக்கச் சொன்னேன். பெட்டி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சுருங்கும். அட்டையைவிட்டு விலகாமல் இருக்க அதில் பாதியளவு பின்னால் நகர்த்தவும் வேண்டும்.

எந்த நாளில் ஒரு சென்டிமீட்டர் விதி குறுக்கே வரும் என்று பார்த்தேன். 219 தாள் கிழித்த பிறகு மிச்சம் 146 தாள், சரியாக 10 மி.மீ. அதாவது ஆகஸ்ட் 8 காலை. எனக்குச் சிலிர்த்தது. சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வெளியிடுவது ஆடிப்பெருக்கில். ஆடி 18, ஆகஸ்ட் இரண்டு மூன்று தேதிகளில் வரும். பூஜை போட்டு அடுத்த வருடத்துக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்த அதே வாரத்தில், என் சுவரிலிருக்கும் இந்த வருடம் இதற்குமேல் மெலிய மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. யாரும் திட்டமிட்ட பொருத்தமில்லை. இருந்தாலும் அப்பாவுக்கு உடனே போன் செய்து சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆடிக்கப்புறம் பழைய காலண்டர யாரும்மா பாக்கப்போறா” என்றார்.

ஆகஸ்ட் 8 முதல் ஸ்கிரிப்ட் அளவை விட்டுவிட்டு ஸ்லைஸைக் கையில் எடுத்துக்கொள்ளும். பெட்டி பத்து மில்லிமீட்டரிலேயே நிற்கும். அதன் மேற்பகுதி மட்டும் தினம் கொஞ்சம் அறுபட்டுக் குறையும். அட்டையோடு ஒட்டிய அடி அசையாததால் நகர்த்தும் வேலையும் இல்லை. டிசம்பர் 29 காலையில் மூன்று தாள் மிச்சம், 0.205 மி.மீ. ஸ்லைஸின் கடைசி எல்லை 0.2. மயிரிழையில் தப்பும். டிசம்பர் 30க்கு அதற்கும் வழியில்லை. அன்று கட்டுப் பெட்டி முழுக்க மறைந்து, வளைந்த தாள் ஒன்று மட்டும் அட்டையின் மேல் தொங்கும்.

போன டிசம்பர் 30 அன்று அப்பா சென்னையில் என்னோடு இருந்தார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கேமராவைக் கொண்டுபோய்த் தாளின் ஓரத்தில் வைத்தேன், பின்னால் போனேன், ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி மூலையின் நிழலைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். விரல் தானாகப் போய்த் திரையைத் தொட்டது.

“தாளு நல்லா வந்திருக்கு பாப்பா. அம்பத்தஞ்சு இருக்கும்” என்றார். அப்புறம் தாளின் தலைமாட்டைக் காட்டி, “தகரத்துக்கு அடியில ஏன் ஒண்ணுமே இல்ல? கிழிச்ச தாளோட அடி எங்க போச்சு?” என்றார்.

எழுந்துபோய் வீட்டுக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். தகரப் பட்டைக்குக் கீழே, கிழித்த 363 தாள்களின் அடிக்கட்டைகளும் அப்படியே இருந்தன. ஒன்றுக்கொன்று உயரம் வேறு; அவசரத்தில் கிழித்தவை கோணலாக, பொறுமையாகக் கிழித்தவை நேராக. கீழே தாள்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, மேலே மட்டும் ஜனவரியில் இருந்த அதே இரண்டரை சென்டிமீட்டர். ஒன்றரை வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை.

இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒன்பது மில்லிமீட்டர் உயரம், கீழ்விளிம்பு பிய்ந்த மாதிரி இருக்கப் படத்தின் சில பகுதியைத் தெரியாமல் மறைக்கும் ஆல்ஃபா மாஸ்க், பக்கவாட்டில் அடுக்கின் கோடுகள். மாதத்துக்கு ஒரு படம் போதும் என்று முதலில் நினைத்தேன். அப்பா வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்கிறார். வீட்டுக் காலண்டரின் அடிக்கட்டையை வாராவாரம் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.